ஔடத தானமும் மருந்தறிவும்

இல்லறத்தார்க்கு உரிய நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என்னும் நான்கையும் விரல் மடக்கிச் சொல்லுமாறு அவர்களுக்குக் கற்பித்துள்ளோம். ஆயினும் அந்நான்கும் தனித்தனியே நிற்பனவா, ஒன்றையொன்று பற்றி நிற்பனவா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மருந்தைக் கையிற் கொடுத்துவிட்டு, அதனை எதன்பொருட்டு, எப்பொழுது, எவ்வளவு உட்கொள்ள வேண்டும் என்பதை விளங்கச் சொல்லாது விடுவோமாயின் கொடுத்தது முழுமையாகுமா? சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் நிகழ்ந்த ஒன்று இவ்வினாவை நம்முன் நிறுத்திற்று.

வந்தவாசியை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் தமிழாசிரியர் அவர். பணி ஓய்வு பெற்றவர். அகவை எழுபத்து நான்கு. நாலடியாரின் நானூறு பாடல்களையும் நூலின் துணையின்றிச் சொல்ல வல்லவர். நீரிழிவு பதினெட்டு ஆண்டுகளாக உடனிருக்கின்றது; இரத்தக் கொதிப்பும் உண்டு. நாற்பது ஆண்டுகளாக இரவு உண்ணா நோன்பைத் தவறாது காத்து வருகின்றார். தண்ணீரும் மருந்தும் நீங்கலாக, பொழுது சாய்ந்தபின் வாயில் ஒன்றும் இடுவதில்லை. மகன் நகரத்திற்கு அழைத்துச் சென்று புதிய மருத்துவர் ஒருவரிடம் காட்டினார். இரு மருந்துகள் சேர்ந்த புதிய மாத்திரை ஒன்று எழுதித் தரப்பட்டது. சீட்டில் 1-0-1 என்றும், 'உணவுக்கு முன்' என்றும் இருந்தன. மருமகள் மாத்திரை அட்டையின் மேல் 'காலை, இரவு' என்று தமிழில் எழுதிக் கொடுத்தார்.

கார்த்திகையில் நம் பக்கத்தில் ஏறத்தாழ 5.40 மணிக்குக் கதிரவன் மறைந்துவிடும். ஆசிரியர் 5 மணிக்கே உண்டு முடித்தார். எட்டு மணிக்கு, சீட்டில் கண்டவாறு, இரவு மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தார். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு அவர்தம் துணைவியார் விழித்துப் பார்க்கையில், மேலெல்லாம் வியர்வை ஊற்றெடுக்க, கை நடுங்க, பொருளற்ற சொற்களைப் பிதற்றிக் கொண்டிருந்தார். அண்டை வீட்டார் கூடினர். மாரடைப்போ என்றனர் சிலர். சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமே என்றார் ஒருவர். "சர்க்கரை நோய்க்காரருக்கு யாராவது சர்க்கரை கொடுப்பார்களா? அதுவும் விரதக்காரருக்கு இராவேளையிலே!" என்று அம்மையார் தடுத்துவிட்டார். கால் மணி நேரம் இவ்வாறே கழிந்தது. அடுத்த தெருவில் இருக்கும் செவிலிப் பெண் ஒருத்தி தன் சோதனைக் கருவியுடன் ஓடிவந்து விரலிற் குத்திப் பார்த்தபோது, சர்க்கரை அளவு 46 என்று காட்டிற்று. நல்வினைப் பயனாக விழுங்கும் ஆற்றல் அவருக்கு அப்பொழுதும் இருந்தது. குளுக்கோசு கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகியதும் கண் திறந்தார். எனினும் அம்மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நிற்குமாதலின், சர்க்கரை மீண்டும் இறங்கலாம் என்று சொல்லி, மருத்துவமனைக்குக் கொண்டுசென்று ஒருநாள் வைத்திருந்தே அனுப்பினர்.

நாம் பின்னர் அவரைக் கண்டபோது அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அதில் உள்ள யாவற்றையும் அவர் பிழையற வாசித்தார். 'உணவுக்கு முன்' என்பதையும் வாசித்தார். தமக்கு இரவுணவே இல்லையாதலின் அத்தொடர் தமக்குப் பொருந்தாது என்று தள்ளிவிட்டு, 'இரவு' என்ற சொல்லை மட்டும் கைக்கொண்டதாகக் கூறினார். உரையாசிரியர் ஒருவர் பாடலுக்குப் பொருள் காண்பது போலவே அவர் சீட்டுக்குப் பொருள் கண்டிருக்கின்றார்! ஆனால் அம்மாத்திரையின் இயல்பு வேறு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. பின்னால் உணவு வரும் என்று நம்பிச் செயற்படுவது. உணவு வாராதாயின், இரத்தத்தில் உள்ள சர்க்கரையையே அது குறைத்துக்கொண்டு போகும். மருத்துவர் 'இரவு' என்று எழுதியது கடிகாரத்தை நோக்கியன்று, உணவை நோக்கி. ஆசிரியர் தம் நோன்பைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

எழுத்தறிவு வேறு, மருந்தறிவு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. ஆயினும் இஃது ஒரு தனிமனிதரின் தவறன்று என்பதைக் காட்டுதற்கு அயல்நாட்டு ஆய்வு ஒன்றைச் சுட்டுவோம். 2006ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சிலர், நோயாளிகளிடம் மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டிய குறிப்புகளைக் கொடுத்துச் சோதித்தனர். 'நாள்தோறும் இருமுறை இரண்டு மாத்திரை' என்பது அவற்றுள் ஒன்று. படிப்பறிவு குறைந்தவர்களுள் 100க்கு 71 பேர் அதனைச் சரியாகவே சொல்லிவிட்டனர். 'ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிக் காட்டுங்கள்' என்றபோது, நான்கை எடுத்துக் காட்டியவர் 35 பேரே. வாயாற் சொல்வதற்கும் கையாற் செய்வதற்கும் இடையே இத்துணைத் தொலைவு உள்ளது. மருத்துவரின் அறையில் நாம் தலையாட்டிவிட்டு வருவதன் பொருள் இதுதான். நெடுநாள் நோய்க்கு மருந்துண்போருள், வளர்ந்த நாடுகளிலேயே, சொன்னபடி உண்பவர் ஏறத்தாழப் பாதிப் பேரே என்று உலக நல நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது.

நம் நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடி என்றும், வயதுவந்தோருள் 100க்கு 35 பேருக்கு மேல் இரத்தக் கொதிப்பு உடையோர் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்த பேராய்வு 2023இல் அறிவித்தது. ஆகவே இது நம் ஒவ்வோர் இல்லத்தின் செய்தி.

நம் முன்னோர் மருந்தின் அளவில் எத்துணைக் கருத்துடையராயிருந்தனர் என்பதற்கு நம் நூல்களின் பெயர்களே சான்று. கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்னும் அளவிற் சேர்ந்தாலன்றி அது ஏலாதிச் சூரணம் ஆகாது. காரியாசான் ஐந்து வேர்களின் பெயரால் சிறுபஞ்சமூலம் செய்தார். மேலும், திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாடல் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. மருத்துவனும் மருந்தும் அருகிருந்து துணைசெய்வோனும் மூவர். எஞ்சிய ஒருவன் நோயுற்றவன். எண்ணும்போது அவனையே முதலில் வைத்திருப்பது கருதத்தக்கது. இன்று நாமோ அந்த முதற்கூற்றைத் தவிர மற்ற யாவரிடமும் பேசுகின்றோம். மகன் மருத்துவரிடம் பேசுகின்றார். மருத்துவர் மகனிடம் பேசுகின்றார். முதியவர் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றார்.

முதியோர் தம் ஒவ்வொரு மாத்திரையைப் பற்றியும் அறிய வேண்டுவன மிகுதியல்ல. அதன் பெயர் யாது, எந்த நோய்க்கு உரியது, உணவுக்கு முன்னா பின்னா அல்லது உணவோடா, ஒருவேளை மறந்துபோயின் என் செய்வது, எந்தக் குறி தோன்றினால் உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும் என்பவையே. பெயர் என்றதும் வணிகப் பெயரை மட்டும் மனங்கொள்ளுதல் போதாது. அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரே உண்மைப் பெயர். இதய மருத்துவர் ஒரு வணிகப் பெயரிலும், பொது மருத்துவர் வேறொரு வணிகப் பெயரிலும் ஒரே கொதிப்பு மருந்தை எழுதித் தர, இரண்டையும் உண்டு மயங்கி விழுந்தவர்களை நாம் அறிவோம். எந்த மருத்துவரிடம் சென்றாலும், வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும், நாட்டு மருந்துப் பொடிகளையும் கூட, ஒரு மஞ்சட்பையிற் போட்டு எடுத்துச் செல்லுதலே இதற்குத் தக்க வழி. பாகற்சாறு முதலியவற்றைச் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து உண்போர் அதனை மறைத்தல் கூடாது. இரண்டும் சேர்ந்து சர்க்கரையை வேண்டுவதினும் கீழே இறக்கக்கூடும்.

மருந்துக்கடையில் நிகழும் ஒரு சிறு செயலையும் இங்கே சொல்ல வேண்டும். பத்து மாத்திரை உள்ள அட்டையில் ஆறு போதும் என்று கேட்டால் கத்தரித்துத் தருகின்றனர். பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் மற்றத் துண்டோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. பெயரற்ற ஆறு வெள்ளை மாத்திரைகள் நம் வீட்டு மாடத்தில் வந்து சேர்கின்றன. பெயருள்ள துண்டைக் கேட்டு வாங்குவதில் இழுக்கொன்றும் இல்லை. சீட்டில் உள்ள சுருக்கெழுத்துகளின் பொருளையும் கடைக்காரரிடமே கேட்கலாம். ஏ.சி. என்றால் உணவுக்கு முன், பி.சி. என்றால் உணவுக்குப் பின்; எச்.எஸ். என்றால் உறங்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இவை இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள். நம் ஊர் முதியவருக்கு இலத்தீனில் எழுதித் தருவது எதற்கு என்பதை மருத்துவ உலகம்தான் சொல்ல வேண்டும்.

நெடுநாள் நோயில் நேரும் பெரும்பிழை மற்றொன்று. 'மாத்திரை உண்டேன், கொதிப்பு சரியாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்' என்பர். கொதிப்பு சரியாயிருப்பது மாத்திரையினால். காய்ச்சல் மருந்தைப் போல இதனை நினைத்தல் தவறு. அவ்வாறே மூட்டு வலிக்குக் கடையிற் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும். அவற்றுட் பல கொதிப்பை உயர்த்தும். நாட்பட உண்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீரிழிவு உடையவர்க்குச் சிறுநீரகம் முன்னமே நலிந்திருக்கக் கூடுமாதலின் இது மிகவும் கருதத்தக்கது. 'எச்.பி.ஏ.1.சி.' என்னும் சோதனையைப் பற்றியும் ஒரு சொல். அன்று காலைச் சர்க்கரையை மட்டும் பார்ப்பது ஒருநாள் வானிலையைப் பார்ப்பது போன்றது. அச்சோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும். சோதனைக்கு முந்திய இரண்டு நாள் இனிப்பைத் தவிர்த்து மருத்துவரை மகிழ்விக்கும் வழக்கம் அதனிடம் செல்லாது. பலருக்கு 7க்குக் கீழே என்பது இலக்கு. மிக முதிர்ந்தோர்க்கும் நலிந்தோர்க்கும் 8 வரையில் இருக்கலாம் என்று மருத்துவர்கள் தளர்த்துகின்றனர். சர்க்கரை திடீரெனக் குறைவதே அவர்களுக்குப் பேரிடர் என்பதனால். இவ்விலக்கை அவரவர் மருத்துவரே வகுத்தல் வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்வோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. நம் நாட்டுக் கடைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு உள்ள புட்டியும், 100 அலகு உள்ளதும் கிடைக்கின்றன. முன்னதற்கு உரிய ஊசிக்குழல் சிவப்பு மூடியும், பின்னதற்கு உரியது ஆரஞ்சு மூடியும் கொண்டது. 100 அலகுப் புட்டியிலிருந்து சிவப்பு மூடிக் குழலில் 20 என்னும் கோடு வரை இழுத்தால், உடலிற் செல்வது 20 அன்று, 50. புட்டியையும் குழலையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பேரக் குழந்தைக்கும் கற்றுக் கொடுக்கலாம்.

இனி நம்மவர்க்கே உரிய இரண்டு செய்திகளுக்கு வருவோம். மேலே சொன்னவை எல்லா முதியோர்க்கும் பொது, இவை அங்ஙனமல்ல.

முதலாவது, கூடு மருந்து எனப்படும் கேப்சூல். அதன் மேலோடு பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பு இவற்றிலிருந்து எடுத்த ஜெலட்டினால் ஆகியது என்பதை அறிந்த நம் முதியோர் சிலர், கூட்டைப் பிரித்து எறிந்துவிட்டு உள்ளிருப்பதை மட்டும் உண்கின்றனர். அகிம்சையை எண்ணிச் செய்வது. அவ்வுள்ளத்தை நாம் வணங்குகின்றோம். ஆனால் சில மருந்துகளில் அக்கூட்டினுள் இருக்கும் சிறுமணிகள் இரைப்பையின் அமிலத்திற் கரையாது குடலிற் கரையுமாறு பூச்சிடப்பட்டவை. மென்றாலோ பொடித்தாலோ பயன் கெடும். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்துகளை உடைய மாத்திரைகளைப் பொடித்தால் நாள் முழுவதும் சிறுகச் சிறுக இறங்க வேண்டிய மருந்து ஒரே வேளையில் இறங்கிவிடும். கூட்டை நாமே பிரிப்பதற்கு மாறாக, 'இதே மருந்து மாத்திரையாகவோ, தாவரக் கூட்டிலோ கிடைக்குமா?' என்று கேட்டல் வேண்டும். பலவற்றிற்குக் கிடைக்கும். இன்சுலின் விலங்கிலிருந்து எடுப்பது என்று அஞ்சி மறுப்போரும் உளர். முற்காலத்தில் அது மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது உண்மையே. 1982 முதல் மனித இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கும் முறை வழக்கிற்கு வந்துவிட்டது. நுண்ணுயிரும் உயிரன்றோ என்று வினவுவார்க்கு நாம் விடை கூற வல்லேம் அல்லேம். அறிந்தபின் அவரவர் மனச்சான்றின்படி முடிவு செய்க. அறியாமலே மறுத்தல் வேண்டா.

இரண்டாவது, நோன்பு. இதனை மருத்துவரிடம் சொன்னால் 'விட்டுவிடுங்கள்' என்பார் என அஞ்சியே பெரும்பாலோர் மறைக்கின்றனர். ஆசிரியரும் அவ்வாறே அஞ்சினார். நடந்ததோ வேறு. மருத்துவமனையில் இருந்த மருத்துவர் அவரிடம், "ஐயா, நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்பது தெரிந்தால் அதற்கேற்ப மருந்தை மாற்றிக்கொள்ளலாமே, முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். தூண்டும் மாத்திரையைக் காலைச் சிற்றுண்டிக்கு மட்டும் வைத்து, அளவைக் குறைத்து, மாலையில் வேறு மாத்திரை ஒன்றை உணவோடு சேர்த்து உண்ணுமாறு எழுதித் தந்தார். இஃது அவருக்கு எழுதியது. பிறர் இதனைப் பார்த்துத் தம் மருந்தை மாற்றிக்கொள்ளலாகாது. தசலக்ஷண பர்வத்தில் ஏகாசனமோ உபவாசமோ ஏற்க விழைவோர், சில வாரங்களுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு, அந்நாள்களில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதனைக் குறைப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளல் வேண்டும். சிறுநீர் பிரியத் தரும் கொதிப்பு மாத்திரையும் அதில் அடங்கும். நீரும் பருகாத நாளில் அது தலைசுற்றலைத் தரும். இன்னாருக்கு உபவாசம் ஆகாது என்று அவர் சொன்னால், அதனைத் தோல்வியாக எண்ண வேண்டா. தத்துவார்த்த சூத்திரம் பதினாறு பாவனைகளைக் கூறுமிடத்துத் தவத்தையும் தியாகத்தையும் ஆற்றலுக்கேற்ப என்று அளவிட்டே கூறுகின்றது.

சர்க்கரை குறைந்த குறிகளையும், நோயாளரைக் காட்டிலும் உடன் வாழ்வோரே நன்கு அறிந்திருத்தல் வேண்டும். திடீர் வியர்வை, நடுக்கம், பெரும்பசி, படபடப்பு, பிதற்றல், காரணமற்ற சினம் இவை தோன்றின் சோதனைக் கருவியில் பார்க்க. 70க்குக் கீழே இருப்பினும், கருவி இல்லாவிடினும், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோசையோ நீரிற் கரைத்துக் கொடுக்க. சர்க்கரை நோயாளிக்கு அந்நேரத்தில் சர்க்கரையே மருந்து. பதினைந்து நிமிடங்களில் தெளிவு வாராதாயின் மீண்டும் கொடுக்க. நினைவிழந்து விழுங்க இயலாதவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது, 108ஐ அழைக்க.

மருத்துவர் சொன்னதை நாம் விளங்கிக்கொண்டோமா என்று அறிய எளிய முறை ஒன்று உண்டு. எழுந்து வருமுன், 'நான் புரிந்துகொண்டதைச் சொல்கின்றேன், சரியா பாருங்கள்' என்று நம் சொற்களால் அவரிடம் திருப்பிச் சொல்லுதல். வெளிநாட்டு மருத்துவமனைகளில் இதனைச் செவிலியர்க்கு ஒரு பயிற்சியாகவே கற்பிக்கின்றனர். நம் பழைய திண்ணைப் பள்ளியில் பாடம் ஒப்பித்தல் என்பது இதுவே. ஆசிரியரின் துணைவியார் இதனை இப்பொழுது வீட்டில் நடைமுறைப்படுத்தியுள்ளார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில், மாணாக்கரைக் கேட்பது போல ஆசிரியரைக் கேட்கின்றார்: "இந்த மஞ்சள் மாத்திரை எதற்கு? சாப்பிடாவிட்டால் இதை என்ன செய்வீர்கள்?" அவர் ஒப்பிக்கின்றார். தலையணைக்கு அருகே குளுக்கோசுச் சிமிழ் ஒன்று இருக்கின்றது. பெரிய எழுத்தில் எழுதிய நோட்டு ஒன்று நாலடியாருக்கு மேல் வைக்கப்பட்டுள்ளது.

அச்செவிலிப் பெண் நம்மிடம் ஒரு வேண்டுகோள் விடுத்துள்ளாள். அடுத்த திங்கள் முதல் ஞாயிறன்று, காலைப் பூசை முடிந்தபின், கோயில் மண்டபத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கச் சம்மதித்திருக்கின்றாள். மருந்து எதனையும் மாற்ற மாட்டாள். பையிலுள்ள ஒவ்வொன்றின் பெயரையும் வேளையையும் படித்து, பெரிய எழுத்தில் எழுதித் தருவாள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்களையும் தனித்தாளில் குறித்துத் தருவாள். முதியோர் தம் மஞ்சட்பையோடு வருக. கண்ணாடியை மறவாது கொணர்க. இரவு உண்ணா நோன்பு உடையோர், மாலையில் எத்தனை மணிக்கு உண்கின்றனர் என்பதை முதலிலேயே அவளிடம் சொல்லிவிடுக.